விழுந்த புழு எங்கே போகிறது

மாலையில் மாடுகள் காட்டிலிருந்து திரும்பும்போது தங்கம்மா பட்டி வேலியின் வாசலான கடப்படியில் நிற்பார். மாடுகளை எண்ணுவது கணவர் பழனியாண்டியின் வேலை. தங்கம்மா பார்ப்பது தோலை. முட்கம்பி கிழித்த கீறல், காளைகள் முட்டிக்கொண்ட இடம், உண்ணி கழன்று ஒரு சொட்டு இரத்தம் கசியும் காதோரம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வாலை ஒரே பக்கமாக விசிறிக்கொண்டு வரும் மாட்டை மறித்து, அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். அது கூட்டத்துக்குப் பின்னால் தனியாக வந்தால் மூக்கைக் கிட்டக் கொண்டுபோவார். புழு வைத்த புண்ணுக்கு ஒரு தனி மணம் உண்டு. இனிப்பும் அழுகலும் கலந்த அந்த மணத்தை ஒருமுறை அறிந்தவர் மறப்பதில்லை.

வன்னியில், தண்ணீரூற்று என்ற ஊருக்கும் நாயாற்றுக்கும் இடையில், காட்டோரமாக இருக்கிறது அவர்களின் காணி. தங்கம்மா பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தபோது அவருக்கு நடக்கவும் பேசவும் தெரியும், வேறொன்றும் தெரியாது. மாடுகளை இங்கேதான் கண்டார். பிறகு ஊராரின் மாடுகளை வாரத்துக்குப் பார்த்தார். வாரம் என்றால் பிறக்கும் கன்றுகளில் ஒரு பங்கு மேய்ப்பவருக்கு. ஒரு பருவம் நாயாற்று மீன் வாடியில் கருவாடும் காயவைத்தார். போரின் கடைசி இடப்பெயர்வில் மாடுகளின் கயிறுகளை அறுத்துவிட்டுப் போனவர், திரும்பி வந்து, மறுபடி வாரத்துக்குப் பார்த்தே இந்தப் பட்டியை உண்டாக்கினார். வீட்டுக்குள் இன்னும் மலைநாட்டுப் பேச்சு. கடப்பைத் தாண்டினால் வன்னிப் பேச்சு.

அந்தப் பட்டியில் வெள்ளச்சி என்றொரு பசு இருந்தது. பெயர்தான் வெள்ளச்சி, நிறம் சாம்பல். இரண்டு முறை கன்று போட்டது. இரண்டு கன்றும் தொப்புளில் புழு வைத்துச் செத்தன. முதல் கன்றில் புழு இருப்பது தெரியவந்தபோது அது எழும்ப மறுத்துக் கிடந்தது. இரண்டாவதில் கொஞ்சம் முந்தித் தெரிந்தது, ஆனாலும் புழு வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. கன்று செத்ததும் வெள்ளச்சி பாலை அடக்கிக்கொண்டது. பல நாள் இரவும் பகலும் கத்தியது. இப்போது மூன்றாவது முறை வயிறு தாங்கி, மடி இறங்கத் தொடங்கியிருந்தது.

"இந்தக் கன்னும் போச்சுன்னா, நான் வெள்ளச்சிய இந்தப் பட்டியில வச்சுக்க மாட்டேங்க" என்று தங்கம்மா கணவரிடம் சொன்னார். "அது கத்துறத இன்னொருக்காக் கேக்க என்னால ஏலாது."

பட்டியை விட்டுப் போகும் கன்றில்லாப் பசு எங்கே போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தப் பங்குனியில்தான் கொம்பன் என்ற காளை எங்கோ முட்டுப்பட்டு, விலாவில் ஒரு குத்துக் காயத்தோடு வந்தது. காயம் சிறியதுதான். ஆனால் நாலு நாள் அது காட்டிலேயே தங்கிவிட்டு வந்ததால், தங்கம்மா பார்த்தபோது உள்ளே புழு நெளிந்தது. செத்த இறைச்சியில் நெளியும் புழுவைப்போல் இவை மேலே அலைவதில்லை. தலையைச் சதைக்குள் புதைத்து, பின்பக்கத்தை மட்டும் வெளியே நீட்டி, குழியில் நட்ட முளைகள்போல் அடுக்காக நிற்கும். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றின் நுனியிலும் கரும்புள்ளி தெரியும். அது மூச்சு வாங்கும் இடம். உடம்பைச் சுற்றி வளையம் வளையமாகச் சிறு முட்கள் இருப்பதால் இழுத்தாலும் இலேசில் வராது.

ஊரில் புழுவுக்கு வீரகத்திதான். வயலும் இரண்டு சோடி எருமையும் உள்ள கமக்காரர். தகப்பனிடமிருந்து வந்த மந்திரம். மாட்டின் குளம்படி மண்ணை அள்ளி, உதடு மட்டும் அசைய எதையோ சொல்லி, நான்கு திசையிலும் எறிவார். நாயுருவி வேரை நூலில் கோர்த்துக் கழுத்தில் கட்டுவார். கூலியாக ஒரு தேங்காயும் வெற்றிலையும். ஒரே ஒரு கண்டிப்பு: கட்டிய மாடு புழு விழும்வரை தன் கூட்டத்தோடு பட்டிக்குள்ளேயே நிற்க வேண்டும். வெளியே கொண்டுபோனால் கட்டு அறுந்துவிடும்.

வீரகத்தி வந்து கட்டினார். மூன்றாம் நாள் காலையில் கொம்பனின் காயம் வெறுங்குழியாக இருந்தது. பட்டியின் தெற்கு மூலையில், கொம்பனைக் கட்டிய கட்டைக்குக் கீழே, வெள்ளைப் புழுக்கள் சில எருத்தூளுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. தங்கம்மாவுக்கு நெஞ்சு இலேசானது. வீரகத்திக்கு இரண்டாவது தேங்காயும் கொடுத்தார்.

ஒரு கிழமை கழித்து, மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் பட்டியெரு கேட்டிருந்ததால், தங்கம்மா மண்வெட்டியோடு பட்டிக்குள் இறங்கினார். இரவு மழை பெய்து எரு நல்ல பதமாக இருந்தது. தெற்கு மூலையில் இரண்டு விரல் ஆழத்தில், கபில நிறத்தில், குறுநெல் அளவில் உருளையான கூடுகள் கொத்தாகக் கிடந்தன. புளியங்கொட்டை நிறம், அதே மினுக்கம். சில கூடுகள் ஒரு முனையில் மூடி கழற்றியதுபோல் திறந்து, வெறுமையாக இருந்தன.

"இதென்னங்க? செத்தையில கெடக்கிற வண்டுக் கூடா?"

பழனியாண்டி ஒன்றை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ பிதுங்கியது. "வண்டு இல்ல. தெற்கு மூலையத் தவிர வேற எடத்துல கெடக்கா?"

தங்கம்மா மற்ற மூன்று மூலைகளையும் கிண்டினார். இல்லை. நடுப்பகுதியிலும் இல்லை. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கொம்பனைக் கட்டிய கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்படிக் குசினிக்குப் போய் ஒரு வெறும் ஜாம் போத்தலை எடுத்துவந்து, கைப்பிடி எருவோடு சில கூடுகளைப் போட்டு, வாயைச் சீலைத் துணியால் கட்டி, பால் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். விழுந்த புழு செத்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். விழுந்துவிட்டதே, பிறகு எதற்குக் கவலை.

இரண்டாம் நாள் காலையில் போத்தலுக்குள் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது. சிறகு சுருங்கி, சாம்பல் பூசியதுபோல் இருந்தது. பறக்கவில்லை. மத்தியானத்துக்குள் சிறகு விரிந்து, உடம்பு நீலமும் பச்சையுமாக, மயில் கழுத்துபோல் மினுங்கியது. வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது. தங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாயாற்று வாடியில் மீன் கழிவில் மொய்க்கும் பச்சை ஈக்களை அவர் ஒரு பருவம் முழுக்க விரட்டியிருக்கிறார். இது அதன் சாதிதான், ஆனால் அதுவல்ல. இதன் முகம் செம்மஞ்சள். தலைக்குப் பின்னால், முதுகின் தொடக்கத்தில், மங்கலாக இரண்டு கருங்கோடுகள்.

கொம்பன் காயத்தோடு வந்த மாலை அதன் விலாவருகே இதே ஈ ஒன்று உட்கார்ந்திருந்ததும், இரண்டாவது கன்று பிறந்த நாளில் வைக்கோல் கட்டின்மேல் ஒன்று அசையாமல் இருந்ததும் அவருக்கு நினைவு வந்தது. போத்தலைக் கீழே வைத்துவிட்டு, கைத்தொலைபேசியில் படம் எடுத்து யதுர்ஷிகாவுக்கு அனுப்பினார்.

யதுர்ஷிகா கால்நடை வைத்திய அலுவலகத்தில் வேலை செய்பவர். சினை ஊசி போடவும் தடுப்பூசி போடவும் ஸ்கூட்டரில் ஊரூராக வருவார். மறுநாளே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே போத்தலைப் பார்த்தார்.

"அம்மா, இது புண்புழு ஈ. எங்கை பிடிச்சனீங்கள்?"

"பிடிக்கேல்லை மிஸ். வளர்த்தனான்" என்றார் தங்கம்மா. "என்ர பட்டிக்குள்ளை, என்ர கையாலை."

யதுர்ஷிகா கடப்படியில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார், நிதானமாகச் சொன்னார். மற்றப் பச்சை ஈக்கள் செத்ததையும் அழுகினதையும் தேடும். இது உயிருள்ள உடம்பைத் தேடும். ஓர் உண்ணிக் கடி போதும், பிறந்த கன்றின் தொப்புள் போதும். பெரும்பாலும் பின்னேரத்தில் வந்து, காயத்தின் ஓரத்தில், காய்ந்த இடமாகப் பார்த்து, நூறு இருநூறு முட்டையைக் கொத்தாக ஒட்டிவிடும். ஒரு நாளுக்குள் பொரித்துச் சதைக்குள் இறங்கும். ஒரு கிழமை தின்னும். பிறகு யார் மந்திரித்தாலும் மந்திரிக்காவிட்டாலும் கழன்று விழுந்து மண்ணுக்குள் போகும். இன்னொரு கிழமையில் ஈயாக எழும்பும்.

"இது எங்கட பக்கம் மட்டுமோ மிஸ்?"

"எங்கட பக்கம் எண்டு ஒண்டுமில்லை அம்மா. இந்தியா, மலேசியா, அங்காலை நியூகினி வரைக்கும் இருக்கு. ஆபிரிக்காவிலையும் இருக்கு. ஓமான் பக்கமும் இருக்கு. கப்பலிலை மாடு ஆடு போகேக்கை புழுவும் போகும்."

"நம்ம மதுசன் ஓமானுக்குப் போக எத்தன தரம் கொழும்புக்கு அலைஞ்சான்" என்றார் பழனியாண்டி. மதுசன் அவர்களின் மகன். "இது விசாவும் இல்லாம மெடிக்கலும் இல்லாமப் போயிருக்கு, பாருங்க."

யதுர்ஷிகா சிரித்தார். தங்கம்மா சிரிக்கவில்லை. "அப்ப வெள்ளச்சியின்ர ரெண்டு கன்றும்..."

"அப்பிடிச் சொல்லேலாது அம்மா. இந்த ஈ மைல் கணக்கிலை பறக்கும். காட்டிலை பண்டிக்கும் வைக்கும், மரைக்கும் வைக்கும். எங்கையிருந்து வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? ஆனா உங்கட பட்டிக்குள்ளை விழுந்ததை இனி எழும்ப விடாதேங்கோ. எழும்பினது எழும்பீட்டுது. வெள்ளச்சி எப்ப போடும்?"

"கிட்டடியிலை. இடுப்பெலும்பு இளகீட்டுது."

யதுர்ஷிகா அயடின் போத்தலும், நாவல் நிறத் தெளிமருந்தும், காயத்துக்குப் போடும் தூளும் தந்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே தெற்கு மூலை எருவை முழங்கை ஆழத்துக்கு வெட்டி எடுத்து, வைக்கோலும் விறகும் போட்டுக் கொளுத்தினார்கள். எருக் கேட்டவருக்கு வடக்குப் பக்கத்து எரு போனது. வெள்ளச்சியைப் பட்டியிலிருந்து பிரித்து, குசினிக்குப் பின்னால், மண் இறுகிய இடத்தில் கட்டினார்கள். வேப்பிலைப் புகை போட்டார்கள். ஆனாலும் திறந்து கிடந்த அந்த வெறுங்கூடுகள் தங்கம்மாவின் கண்ணை விட்டுப் போகவில்லை. அவற்றிலிருந்து எழும்பியவை எங்கோ ஒரு கிளையில் உட்கார்ந்து வெள்ளச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

இதற்கிடையில் கொம்பனின் காயம் ஆறுவதற்குள் மறுபடி புழு வைத்துவிட்டது. பழைய காயத்தின் மணம் புது ஈயை அழைக்கும் என்று யதுர்ஷிகா சொன்னதுதான் நடந்தது. தங்கம்மா தூளைப் போட்டார். ஆனால் கொம்பனுக்குப் புழு என்று ஊரில் கேள்விப்பட்ட வீரகத்தி, கூப்பிடாமலே வந்துவிட்டார்.

"பட்டிக்குள்ளை கொண்டா பிள்ளை, கட்டிவிடுறன்."

"கட்டுங்கோ அண்ணை. ஆனா பட்டிக்குள்ளை வேண்டாம். பட்டிக்கு அங்காலை கிடக்கிற அந்தப் பாறையிலை கட்டுவம்."

வீரகத்தியின் முகம் சுருங்கியது. "பாறையிலையோ? கட்டு அறும் பிள்ளை. என்ர அப்பு காலத்திலையிருந்து பட்டிக்குள்ளைதான். போனமுறை நான் கட்டிப் புழு விழுந்ததோ, இல்லையோ?"

"விழுந்தது. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. விழுந்த புழு எங்கை போச்சுது எண்டதுதான் என்ர கேள்வி."

"எங்கை போகும்? செத்துப்போகும்."

தங்கம்மா போத்தலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அதற்குள் இப்போது ஏழெட்டு ஈக்கள் இருந்தன, கீழே வெறுங்கூடுகள். வீரகத்தி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவருடைய எருமைகளின் கன்றுகளும் அவர் வீட்டுப் பட்டிக்குள்தான் பிறக்கின்றன, அவற்றுக்குப் புழு வைத்தாலும் அங்கேதான் அவர் கட்டுகிறார். அதை அவரே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எண்டாலும் கூட்டத்தைவிட்டுப் பிரிக்கக்கூடாது" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "அது முறை."

"பட்டி எண்டால் என்ன அண்ணை? மாடும் வேலியும். கொம்பனோடை இன்னொரு மாட்டையும் பாறையிலை கட்டுறன். இவர் சுத்திவரக் கயிறு பிடிப்பார். அது பட்டிதானே?"

பழனியாண்டி அதற்குள் நான்கு தடியை ஊன்றிக் கயிறு சுற்றத் தொடங்கியிருந்தார். "கடப்பு எந்தப் பக்கம் வைக்கட்டும் அண்ணை? வாஸ்து பாத்துச் சொல்லுங்க."

"உன்ர மனிசனுக்கு வாய் கூட, தங்கம்மா" என்றார் வீரகத்தி. ஆனால் கிழக்கைக் காட்டினார்.

பாறையின்மேல், கொம்பனின் வயிற்றுக்குக் கீழே, தங்கம்மா ஒரு நீலப் பிளாஸ்டிக் தறப்பாளை விரித்தார். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் கூரையாக இருந்த தறப்பாள். ஊருக்குத் திரும்பும்போது மடித்து எடுத்துவந்து, நெல் காயவைக்கவும் மழைக்கு விறகு மூடவும் பாவித்துக்கொண்டிருந்தார். வீரகத்தி குளம்படி மண் தேடினார். பாறையில் ஏது மண்? சற்று யோசித்துவிட்டு, கொம்பன் நடந்துவந்த பாதைக்குப் போய் அள்ளிவந்து மந்திரித்தார். மருந்துத் தூளும் தன் வேலையைச் செய்தது. அடுத்தடுத்த காலைகளில் தறப்பாளில் விழுந்து கிடந்தவற்றைத் தங்கம்மா கொதிநீரில் கொட்டினார். மிச்சத்தைக் கோழிகள் பார்த்துக்கொண்டன. மண்ணுக்குள் ஒன்றும் போகவில்லை.

வெள்ளச்சி, எல்லாப் பசுக்களும் செய்வதுபோல, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கன்று போட்டது. ஒரு பின்னேரம் மாடுகளை மறித்துவரக் குளத்துப் பக்கம் போயிருந்த தங்கம்மா திரும்பியபோது, குசினிக்குப் பின்னால் ஒரு செங்கன்று நாலு காலையும் அகட்டி நின்று தள்ளாடியது. நாகு, பெண் கன்று. வெள்ளச்சி அதன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகிறது என்று தெரியவில்லை. தோல் பாதி காய்ந்திருந்தது.

தங்கம்மா அயடினை எடுத்துக்கொண்டு ஓடினார். கன்றைச் சாய்த்துத் தொப்புளைத் திருப்பினார். கொடியின் அடியில், மயிரோரத்தில், பல்லுக்குள் அடைபட்ட சோற்றுப் பருக்கைபோல் ஒரு வெள்ளைத் திட்டு. கன்று பிறந்தால் இப்படி ஏதாவது சவ்வு காய்ந்து ஒட்டியிருக்கும், தாய் நக்கினால் போய்விடும். அப்படித்தான் முந்தைய கன்றுகளில் அவர் விட்டிருந்தார். இப்போது கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். சவ்வு இல்லை. அடுக்கி ஒட்டிய முட்டைகள், ஓடு வேய்ந்ததுபோல் வரிசை வரிசையாக. சற்றுத் தள்ளி, சாக்கின்மேல், செம்மஞ்சள் முகத்தோடு ஓர் ஈ உட்கார்ந்து முன்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க! கத்தி கொண்டாங்க! மொட்டைக் கத்தி!"

பழனியாண்டி கத்தியையும் கொதிநீர்ச் சட்டியையும் சேர்த்தே கொண்டுவந்தார். வெள்ளச்சி கொம்பைத் தாழ்த்தியது. அவர் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அடியேய், ஒனக்குத்தான்டி பாக்குறம்" என்று அதட்டினார். தங்கம்மா கத்தியின் முதுகால், மயிரோடு சேர்த்து, அந்தத் திட்டைச் சுரண்டிச் சட்டியில் உதிர்த்தார். ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று விரலால் தடவி உறுதிசெய்தார். மறுபடி பார்த்தார். பிறகு அயடினில் கொடியை முக்கி, சுற்றிலும் நாவல் மருந்தைத் தெளித்தார். கன்றின் வயிறு ஊதா நிறமாகிவிட்டது. சாக்கின்மேல் இருந்த ஈயைச் செருப்பால் அடித்தது பழனியாண்டி. குறி தப்பவில்லை என்று அவர் இன்றுவரை சொல்கிறார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தங்கம்மா காலையும் மாலையும் கன்றைச் சாய்த்துப் பார்த்தார். கன்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்த கன்றுகள் இரண்டும் போய்விட்டன. தொப்புளைச் சுற்றி வீக்கம் இல்லை. மணம் இல்லை. கொடி சுருங்கி, காய்ந்த புல்லாந்திக் குச்சிபோல் ஆனது. ஒரு காலை அவர் பார்த்தபோது அது இருக்கவில்லை. வைக்கோலுக்குள் தேடி எடுத்தார். விழுந்த இடம் மூடி, உலர்ந்து, சிறு தழும்பாக இருந்தது. விரலால் அழுத்தினார். கன்று கூச்சத்தில் உதைத்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. வெள்ளச்சி ஒருமுறை கூப்பிட்டது. கன்று பதில் கொடுத்தது. தங்கம்மா வைக்கோலிலேயே உட்கார்ந்து, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அன்று பால் நிலையத்துக்குப் பிந்தித்தான் போனார். கேட்டவர்களுக்கு, "எங்கட கன்றின்ர தொப்புள் விழுந்திட்டுது" என்றார், பேரன் பிறந்ததைச் சொல்வதுபோல்.

கடும்புப் பால், கன்று போட்டதும் சுரக்கும் சீம்பால், கறந்த நாளிலேயே அதில் ஒரு பங்கைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வீரகத்திக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பாத்திரத்தைத் திருப்பித் தர அவர் தானே வந்தார். கன்றைப் பார்த்தார். தொப்புளையும் குனிந்து பார்த்தார்.

"நல்லாயிருக்கு. பிள்ளை, உன்ர அந்தத் தறப்பாளை ஒருக்காத் தா. குமுழமுனையிலை ஒரு மாட்டுக்குப் புழுவாம். கட்டக் கூப்பிடுறாங்கள்."

"தறப்பாளோ அண்ணை?"

"ஓம். கீழை விரிச்சுத்தான் கட்டவேணும்" என்றார் வீரகத்தி, அது ஆதிகாலத்து விதிபோல. "அப்புவும் முந்தி ஓலைப்பாய் விரிச்சவர். நான்தான் மறந்துபோனன்."

தங்கம்மா கணவரின் முகத்தைப் பார்க்காமல் தறப்பாளை எடுத்துவந்து கொடுத்தார். "கழுவித் தாங்கோ. நெல்லும் காயப்போடுறது."

"கன்றுக்கு என்ன பேர்?"

"இன்னும் வைக்கேல்லை."

"தறப்பாள்னு வைப்பமே" என்றார் பழனியாண்டி.

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குச் செவ்வந்தி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மாலையில் மாடுகள் திரும்பும்போது, எண்ணுகிறவர் இன்னும் அதைத் தறப்பாள் என்றே எண்ணுகிறார். கடப்படியில் நிற்கிறவர் அதன் வயிற்றுப் பக்கம் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே விடுகிறார்.